அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?

டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஏறக்குறையச் சரிபாதியில் திருமங்கலம். அறுபது ஆண்டுகளுக்கு முன்னும் இதே தூரம்தான். ஆனால் "ஊரைக் காலி பண்ணிட்டு மதுரைக்கே குடிபோயிடலாமா?" என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால், அன்று அதற்கு எதிராக வந்த கேள்வி வேறு, இன்று வரும் கேள்வி வேறு. அன்று பெரியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க நமக்கு யாரு இருக்கா?" இன்று அந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. வீடு என்ன வாடகை, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, பள்ளிக்கூட வேன் தெருவுக்குள் வருமா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. கேள்வி மாறிய கதைதான் இந்த வட்டாரத்தின் இரண்டு தலைமுறைக் கதை.

கல்லுப்பட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. 1895இல் பெரியாறு அணை கட்டி மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியபோது, அது வாடிப்பட்டியையும் மேலூரையும் நனைத்தது. பேரையூர்ப் பக்கம் வரவில்லை. இங்கே கரிசலும் மானாவாரியும்தான். அன்று பருத்தி, சோளம், குதிரைவாலி, மிளகாய். இன்று பெரும்பாலும் மக்காச்சோளம். குதிரைவாலி விதைக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். மழை பொய்த்த வருடம் ஆட்கள் வெளியே போவது புதிதல்ல. ராஜபாளையம் சாலையும் விருதுநகர்ச் சாலையும் சந்திக்கும் ஊர் என்பதால், போவதற்கு வழியும் எப்போதும் திறந்தே இருந்தது. தமிழக அரசின் தொல்லியல் துறை 1976இல் இங்கே அகழாய்வு செய்து, மிகப் பழைய குடியிருப்பின் தடயங்களை எடுத்தது. பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கிய மண்தான் இது. போவதா இருப்பதா என்ற கணக்கு எங்கள் தலைமுறையில் முளைத்ததல்ல.

போகிறவர்களுக்கு நடுவே, எதிர்த்திசையில் வந்தவர் ஒருவரும் இருந்தார். லண்டனில் கணக்காயர் படிப்பும், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் படித்த ஜே. சி. குமரப்பா, பம்பாயின் தணிக்கைத் தொழிலை விட்டுக் காந்தியிடம் போனவர், தன் கடைசி ஆண்டுகளைக் கழிக்கத் தேர்ந்தெடுத்த ஊர் டி. கல்லுப்பட்டி. கோ. வேங்கடாசலபதி 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அவருக்கு இடம் கொடுத்தது. 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில், அவர் காலமானார். கிராமத்தில் விளைந்ததைக் கிராமத்திலேயே பொருளாக்கினால் மனிதர்கள் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போக வேண்டியிராது என்பது அவருடைய பொருளாதாரம். அவர் பேச்சை ஊர் மரியாதையோடு கேட்டது. ஆனால் ஆசிரமப் பள்ளியில் படித்துத் தேறிய பிள்ளைகளுக்கு அடுத்த படிப்பும் அதற்கடுத்த வேலையும் மதுரையில்தான் இருந்தன.

அன்று மதுரைக்குப் போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்த்தால், யாரும் வீடு தேடிப் போகவில்லை, ஆள் தேடித்தான் போனார்கள். 1890களில் தொடங்கிய ஹார்வி மில்லில் ஒரு மாமா இருந்தால், அவர் சொல்லி ஒரு மருமகன் போவான். மருமகன் போய் மூன்று மாதத்தில் தங்கை புருஷன் போவான். கடைத்தெருவில் கணக்கெழுதும் ஒருவர், தன் ஊர்ப் பையனுக்கு மூட்டை தூக்கும் வேலை பார்த்துக் கொடுப்பார். குடும்பம் பின்னால் வரும். வந்து இறங்குவது எங்கே என்பதையும் சாலையே முடிவு செய்தது. திருமங்கலத்திலிருந்து வரும் பழைய சாலை திருநகர், பசுமலை, பைக்காரா, பழங்காநத்தம் என்று நகருக்குள் நுழைகிறது. தெற்கத்தி ஆட்கள் பலர் அந்தச் சாலையை ஒட்டியும், அதற்குக் கிழக்கே ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம் பக்கமும் குடியேறினார்கள். தேனிப் பக்கத்து ஆட்களுக்கு மேற்கு எல்லை, சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்குக் கிழக்கு எல்லை. ஊருக்குத் திரும்பும் பஸ் எந்தப் பக்கம் நிற்குமோ அந்தப் பக்கம்தான் வீடு.

வீடு என்றால் பெரும்பாலும் வளவு வீடு. காம்பவுண்டு என்றும் சொல்வார்கள். ஒரு வாசல், உள்ளே நடுவில் திறந்த முற்றம், இரண்டு பக்கமும் எட்டோ பத்தோ வீடுகள் வரிசையாக. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் பங்கு. முற்றத்தில் ஒரே ஒரு குழாய். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றிரண்டு கழிப்பறை. விடியுமுன் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். குடம் வைத்த பெண் உள்ளே போய் அடுப்பு பற்றவைத்துவிட்டு வரலாம். அவளுடைய முறை போகாது. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போகலாம். அழுதால் யாராவது ஆட்டிவிடுவார்கள். மில் சங்கு ஊதியதும் ஆண்கள் கிளம்புவார்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். யார் வீட்டில் சண்டை என்பதும் தெரியும். கிராமத்தில் ஒரு தெரு கொடுத்த பாதுகாப்பையும், அதே தெரு கொடுத்த கண்காணிப்பையும், சுருக்கிக் கட்டிய இடம் அது.

மதுரையில் வீடு பிடிக்க இரண்டு முறை உண்டு. வாடகைக்கு எடுப்பது ஒன்று, ஒத்திக்கு எடுப்பது இன்னொன்று. பருத்தி விற்ற பணமோ, நகை அடகு வைத்த பணமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது; காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். கையில் கொஞ்சம் பணத்தோடும் மாதச் சம்பளம் நிச்சயமில்லாமலும் வந்த சம்சாரிக் குடும்பத்துக்கு ஒத்தி ஒரு வரமாக இருந்தது. இன்றும் மதுரையில் ஒத்தி இருக்கிறது. தொகை மட்டும் லட்சங்களில் நிற்கிறது. அன்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லை நம்பிக் கொடுத்தார்கள். இன்று பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள், அப்படியும் பணம் திரும்பி வருமா என்ற கவலையோடு இருக்கிறார்கள்.

நகரம் கலந்த ஊர்தான், அன்றும். கோயிலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள், காஜிமார் தெருவில் இஸ்லாமியர்கள், கீழவெளி வீதியில் தேவாலயத்தை ஒட்டிக் கிறித்தவர்கள், மாசி வீதிகளில் வணிகர்கள் என எல்லாரும் ஒரே ஊரில் இருந்தார்கள். ஆனால் ஊர்தான் கலந்திருந்தது, தெரு கலக்கவில்லை. வளவுகளும் பெரும்பாலும் அப்படியே. சொந்தம் வழியாக வீடு பிடித்தால் சொந்தத்துக்குப் பக்கத்தில்தானே பிடிக்க முடியும்? சித்திரைத் திருவிழாவில் தோளோடு தோள் உரசி நின்றவர்கள், கூட்டம் கலைந்ததும் அவரவர் தெருவுக்குள் போய்விட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் கிராமங்களை நினைத்து ஏங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே கிராமத்தை நினைப்பதில்லை. மதுரை மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் டீக்கடையில் தலித்துகளுக்குத் தனிக் குவளை இருந்த காலம் அது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் முன்னின்று, கக்கன் உள்ளிட்டோரோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த பிறகும், கிராமத்துக் குவளை பல ஆண்டுகள் மாறவில்லை. எழுமலை அருகே உத்தப்புரத்தில் இரு தெருக்களுக்கு நடுவே எழுப்பிய தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே 6 அன்றுதான். கல்லுப்பட்டிக்கு அது தொலைதூரச் செய்தி அல்ல, அக்கம்பக்கத்துச் செய்தி. ஊரின் கடைசியில் வாழ விதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மதுரை என்பது சம்பளம் மட்டுமில்லை. யார் என்று கேட்காமல் எல்லாருக்கும் ஒரே கண்ணாடி டம்ளரில் டீ கொடுக்கும் ஒரு கடை, அங்கே இருந்தது. அந்தக் குடும்பத்தின் பிள்ளையிடம் "கிராமத்தை விட்டுப் போனதில் என்ன இழந்தாய்?" என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாற்றத்தின் அளவு புரியும். 1901இல் மதுரையின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். 1951இல் மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். 1971இல் மாநகராட்சி ஆனது. 2011இல் எல்லையை விரித்தபோது, 72 வார்டுகள் 100 ஆயின. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் சுமார் 148 ஆனது. விரிந்த எல்லைக்குள் மக்கள் ஏறக்குறைய 15 லட்சம். அன்று கல்லுப்பட்டிக்காரர்கள் பஸ்ஸில் கடந்துபோன திருநகரும், ஆடு மேய்ந்த அவனியாபுரத்துக் காடுகளும் இன்று மாநகராட்சி. பெரிய நகரமா என்றால் அதுவும் இல்லை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் கேட்டார்கள்; 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று காட்டி 2025 நவம்பரில் மத்திய அரசு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. சென்னைக்குப் போகப் பயப்படுகிற, திருமங்கலத்தோடு நிற்க மனமில்லாத குடும்பத்துக்கு, இந்த நடுத்தர அளவுதான் மதுரையின் ஈர்ப்பு.

இன்று குடிபோகிறவர்கள் வளவுக்குப் போவதில்லை. விளாச்சேரி, தனக்கன்குளம் பக்கம், அவனியாபுரத்துக்கு அப்பால் என்று புறநகரில் பிளாட் போட்டு விற்ற இடங்களுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு தெருவில் இருக்கிற வீடுகளை எண்ணிப் பார்த்தால் அன்றைய மதுரை கண்டிராத ஒன்று தெரியும். முதல் வீட்டில் கம்பத்திலிருந்து வந்த ஆசிரியர், அடுத்து வளைகுடாவில் வேலை பார்க்கும் இஸ்லாமியரின் குடும்பம், எதிரே அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பெண் மருந்தாளுநர், கடைசியில் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். யாருக்கும் யாரும் சொந்தமில்லை. சென்ட் விலையும் வங்கிக் கடனும் சேர்ந்து, சீர்திருத்தக்காரர்கள் பல்லாண்டு பேசியும் நடக்காத ஒன்றை ஓரளவு நடத்திவிட்டன: தெரு கலந்துவிட்டது.

கலந்த தெருவில் என்ன கிடைத்தது? ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் கழிப்பறை, சொந்தக் குழாய், சொந்தக் கதவு. மருமகள் சுடிதார் போட்டால் கேட்க ஆளில்லை. மகள் இரவு ஷிப்டுக்குப் போனால் திண்ணையில் உட்கார்ந்து மணி பார்க்க யாருமில்லை. இவை சின்ன விஷயங்கள் அல்ல. வளவில் வாழ்ந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். என்ன போனது என்பது துஷ்டி நேரும்போது தெரியும். வளவில் ஒரு சாவு விழுந்தால், சொல்லி அனுப்புவதிலிருந்து பந்தல் கட்டுவது வரை வீட்டுக்காரர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பக்கத்து வீடுகளில் அன்று உலை ஏறாது. புறநகர்த் தெருவில் வாட்ஸ்அப்பில் செய்தி வரும், ஃப்ரீசர் பெட்டி வரும், எல்லா வீட்டிலிருந்தும் வருவார்கள். வந்தவர்களுக்கு அந்த வீட்டு முறை தெரியாது. மாலையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் உட்காருவது என்று தயங்கி நிற்பார்கள். ஆனாலும் வருகிறார்கள். டீ போட்டு எடுத்து வருகிறார்கள். பத்து வருடம் ஒரே தெருவில் இருந்தவர்கள் கற்றுக்கொண்டும் விடுகிறார்கள்.

தெரு கலந்த அளவுக்கு வீட்டுக்காரர்களின் மனம் கலக்கவில்லை. சொந்த வீடு வாங்க முடியாதவர்கள் வாடகைக்குத் தேடும்போது இது முகத்தில் அடிக்கும். போர்டில் "வீடு வாடகைக்கு" என்று இருக்கும். மாடிப்படியில் நின்றபடி வீட்டுக்கார அம்மா விசாரிப்பார். "தம்பிக்கு எந்தூரு?" "கல்லுப்பட்டிப் பக்கம்மா." "கல்லுப்பட்டியில எங்க?" தெருப் பெயர் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்ற கணக்கு. சொல்லத் தயங்கினால் அடுத்தது வரும்: "குலசாமி எந்தக் கோயில் உங்களுக்கு?" அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், "கறி, மீனெல்லாம் சமைப்பீங்களா?" பதில்கள் பிடிக்கவில்லை என்றால் யாரும் கோபமாகப் பேசமாட்டார்கள். "நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாரு தம்பி" என்பதோடு முடிந்துவிடும். அடுத்த வாரமும் அதே போர்டு அங்கே தொங்கும். இஸ்லாமியர் என்றால், தலித் என்றால், தனியாக இருக்கும் பெண் என்றால், இந்தப் படிகளில் அதிகம் ஏறி இறங்க வேண்டும். அன்று "நம்ம ஆளுகளா?" என்று நேராகவே கேட்டார்கள். இன்று சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். நேராகக் கேட்கக் கூச்சம் வந்திருப்பதும் ஒரு மாற்றம்தான். அந்தக் கூச்சம் இன்னும் வீடு கொடுக்கும் அளவுக்கு வளரவில்லை.

இன்னொரு மாற்றம், குடிபோகாமலே போய்வர முடிவது. அன்று போவது என்றால் போவதுதான். தீபாவளிக்கும் கொடைக்கும்தான் ஊர் திரும்புவார்கள். இன்று திருமங்கலம்–ராஜபாளையம் சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம் கல்லூரி, இன்று பல்கலைக்கழகம், இதே சாலையில் இருக்கிறது. கல்லூரி பஸ்கள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகின்றன. நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஜவுளிக்கடைக்கும் அலுவலகத்துக்கும் தினமும் போய்வருகிற பெண்களுக்கு, மாதக் கடைசியில் மிஞ்சும் பணம் இதனால் மாறியிருக்கிறது. அன்று பாம்பு கடித்தவரை மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 2008க்குப் பிறகு 108 வருகிறது. தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நட்டார்கள். அது முழுதாக இயங்கும்போது கல்லுப்பட்டிக்காரர் பெரிய வைத்தியத்துக்கு மதுரைக்குள் நுழையவே வேண்டியிராது. வழியில் கப்பலூர் சுங்கச்சாவடி இருக்கிறது; சொந்தத் தாலுகா ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர உள்ளூர் வண்டிகள் கட்டணம் கட்டுவதா என்று இந்தப் பகுதி மக்கள் பலமுறை மறித்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

போனவர்களின் வீடுகள் ஊரில் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் தாத்தாவோ பாட்டியோ தனியாக. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏழூர் முத்தாலம்மன் சப்பரத் திருவிழா வரும்போது கதவுகள் திறக்கும், மதுரைப் பதிவெண் வண்டிகள் தெருவை அடைக்கும். திருவிழா முடிந்த மூன்றாம் நாள் மறுபடியும் பூட்டு. அன்று ஊரைவிட்டுப் போனவர் ஊர்ப் பிரச்சினையில் பேச வந்தால், "நீ டவுன்காரன்" என்பார்கள். இன்று ஊர்க் குழுவில் டவுன்காரர்களே பாதிப்பேர். வரி கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

இப்போது யோசித்துக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்காக மட்டும் என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டாம். ஆசிரமப் பள்ளி இருக்கும் ஊர் இது, திருமங்கலமும் எட்டும் தூரம். மகளின் வேலை, வீட்டில் ஒருவருக்கு வாராவாரம் வைத்தியம், ஊரில் மரியாதையோடு வாழ விடாத நிலை, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தயங்காமல் போங்கள். போனதும் வீடு வாங்காதீர்கள். ஒரு வருடம் வாடகைக்கு இருந்து, ஒரு கோடையையும் ஒரு மழையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நிலத்தையும் ஊர் வீட்டையும் அவசரத்தில் விற்காதீர்கள். நம் ஆட்கள் இருக்கும் தெருவாகத் தேடாமல், பல ஊர்க்காரர்களும் இருக்கும் தெருவாகத் தேடுங்கள். அங்கே முதல் ஆறு மாதம் தனியாகத் தோன்றும், ஆனால் உங்கள் பிள்ளைகள் வளரப்போவது அந்த மாதிரி உலகத்தில்தான்.

மதுரையில் வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பாதிப்பேரின் அப்பாவோ தாத்தாவோ இப்படி ஒரு பெட்டியோடு இதே சாலையில் வந்து இறங்கியவர்தான். படியேறி வருகிறவரிடம் குலசாமியைக் கேட்காதீர்கள். என்ன வேலை, எத்தனை பேர், எப்போது குடிவருவார்கள் என்று கேளுங்கள். பிடித்திருந்தால் சாவியைக் கொடுங்கள்.